கதவில் தொங்கிய பலகை

என் கதவில் நான் எழுதி மாட்டியிருந்த பலகையை அந்தப் போலீஸ்காரன் வாசலில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தான். நான் பாத்ரூம் தரையில் அம்மணமாகக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அனுமதி இல்லாமல் உள்ளே நுழையும் எவர் மீதும், போலீஸ் உட்பட, சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, சவுரிமுத்து."

படித்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன். சிட்டிபாபு. ஊரில் எத்தனையோ போலீஸ் இருக்க, இவன்தான் வரவேண்டுமா?

நான் விழுந்தது முந்தின நாள் மதியம். சோப்பு நுரையில் கால் வழுக்கியது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறைமலை நகர் கம்பெனியில் முப்பது வருடம் பிரஸ் மெஷினில் நின்றவன் நான், எது உடைந்தால் எந்தச் சத்தம் வரும் என்று தெரியும். விழும்போது பக்கெட்டும் சாய்ந்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. குழாய் எட்டவில்லை, ஆணியில் தொங்கிய துண்டும் எட்டவில்லை. கைக்குக் கிடைத்தது ஒரு எவர்சில்வர் சொம்புதான். சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் ஜான்சி டீச்சர் சந்துப் பக்கம் வந்து, "அங்கிள், உள்ள இருக்கீங்களா?" என்று நாலு முறை கூப்பிட்டாள். அப்போது எனக்குக் குரல் இருந்தது. பதில் சொல்லவில்லை. துணியில்லாமல் கிடக்கிறவன் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அது மட்டுமில்லை. குடித்தனக்காரர்களை ஒருநாள் உள்ளே விட்டால் மறுநாள் கரண்ட் கார்டு எங்கே, பத்திரம் எங்கே என்று எல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார்கள். விடிந்தால் எப்படியாவது எழுந்துவிடலாம் என்று கிடந்தேன். விடிந்தபோது தொண்டையில் வெறும் காற்றுதான் இருந்தது. சொம்பால் தரையைத் தட்டினேன். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் எல்லாம் எங்கள் கீழ்க்கட்டளை தலைக்கு மேலேதான் போகும். தட்டும்போதெல்லாம் ஒன்று வந்தது.

வாசலில் பேச்சு நடந்தது. ஜான்சிதான் போன் செய்து வரவழைத்திருக்கிறாள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ரேடியோ சத்தமே இல்ல சார். அவர் அஞ்சு மணிக்கே ரேடியோ போட்டு எல்லாரையும் எழுப்பிடுவார்."

தீயணைப்பு வண்டியில் வந்தவர் ஒருவர் என் இரும்புக் கதவைத் தட்டிப் பார்த்தார். "உள்ள ஆளு ஆபத்துல கீறாருன்னா உடைக்கலாம் சார். அதுக்குச் சட்டம் எடம் குடுக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா கட்டர் எடுத்தாறேன்."

"சட்டம் அன்னிக்கும் எடம் குடுத்துச்சிப்பா" என்றான் சிட்டிபாபு. "சஸ்பெண்ட் ஆனது நானு."

அது இரண்டு வருடத்துக்கு முந்தின கதை. என் மனைவி இறந்துபோன கொஞ்ச நாளில், ஓசூருக்கு வந்துவிடு, வீட்டை விற்றுவிடு என்று மகள் ரோஸி தினமும் போனில் அறுத்தாள். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். மூன்றாம் நாள் அவள் போலீசைக் கூப்பிட்டுவிட்டாள். இந்தச் சிட்டிபாபு கடப்பாரையோடு வந்து என் மரக்கதவைப் பிளந்தான். நான் குரல் கொடுக்காமல் தட்டில் கஞ்சி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உசுரோடதான் கீறியா பெரியவரே" என்று சிரித்தான். என் மனைவி பொட்டு வைத்து மஞ்சள் பூசாத கதவு, ஆனால் அவள் சிலுவை வரைந்த கதவு. அதைப் பிளந்துவிட்டு ஒருவன் சிரித்தான். தாம்பரம் போய் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்தேன். அவர் பேனாவை நிறுத்தி, "வெறும் கதவுன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க ஐயா. கன்னத்துல அடிச்சான்னு ஒரு வரி சேத்துக்கலாமா?" என்றார். சேர்த்துக்கொள் என்றேன். அந்த ஒரு வரிதான் வேலை செய்தது. ஆறு மாதம் அவன் வீட்டில் உட்கார்ந்தான். நான் வெல்டிங் கடையில் சொல்லி இரும்புக் கதவு போட்டேன், உள்ளே மூன்று தாழ்ப்பாள். பலகையும் எழுதி மாட்டினேன்.

"சொந்தக்காரங்க யாராச்சும் எழுத்துல குடுத்தா ஒடைக்கறேன் மேடம்" என்றான் ஜான்சியிடம். அவள் ரோஸிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். என் மகள் குரல் தெளிவாகக் கேட்டது.

"போன தடவ போலீஸ் அனுப்பினதுக்கு, நீ என் பொண்ணே இல்லன்னு சொல்லிட்டார் சார். இதுவும் நடிப்பாத்தான் இருக்கும். என்னால எழுதியெல்லாம் குடுக்க முடியாது. அவர் எம்மேலயும் கேஸ் போடுவார்."

போட்டிருப்பேன். அவள் என்னை அறிந்தவள்.

அப்போதுதான் விமானம் இல்லாத ஒரு நேரம் வாய்த்தது. சொம்பை ஓங்கித் தட்டினேன். வாசலில் இருந்த மற்றவர்களுக்குக் கேட்கவில்லை போல. பூட்ஸ் சத்தம் ஒன்று மட்டும் சந்துக்குள் வந்தது. பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நான் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன், எவரும் எட்டிப் பார்க்கக்கூடாதென்று. வந்தவன் ஒரு பட்டையை வெளியிலிருந்து உருவினான். வெளிச்சம் நேராக என் மேல் விழுந்தது. கம்பிக்குப் பின்னால் சிட்டிபாபுவின் கண்கள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். கையால் மறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

"கீறியா" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தண்ணி" என்றேன்.

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கூப்பிடவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் கம்பிக்குள் கையை விட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். திரையில் ஒரு கிழவன் தெரிந்தான், வாயோரம் நுரை காய்ந்து. மூலையில் வீடியோ பதிவாகிற சிவப்புப் புள்ளி மின்னியது.

"ரெண்டே வார்த்த பெருசு. கதவ ஒடைன்னு உன் வாயால சொல்லு. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. நான் உன்ன அடிச்சனா?"

நான் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

"எம் பொண்ணுக்கு நிச்சயம் பண்ண எடத்துல கேட்டாங்க, கெழவன அடிச்ச போலீஸ் நீதானான்னு. நின்னு போச்சி. அதான் கேக்கறேன். அடிச்சனா?"

அவன் சட்டைக் கையின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. என்னை அவன் பயமுறுத்தவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை என்று சொன்னால் தண்ணீர் வரும், ஆஸ்பத்திரி வரும், ரோஸி வருவாள், ஓசூர் வரும். இந்த வீட்டுக்குத் திரும்ப விடமாட்டார்கள். பொய் என்று நானே சொன்ன பிறகு, ஊரில் எவன் என் பேச்சை நம்புவான்? எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வரிதான்.

"அடிச்ச" என்றேன்.

சிவப்புப் புள்ளி இன்னும் கொஞ்சம் மின்னியது. பிறகு கை மெல்லக் கம்பிக்கு வெளியே போனது. உருவிய கண்ணாடிப் பட்டையை அதன் இடத்திலேயே திரும்பச் செருகினான். பாத்ரூம் பழையபடி பச்சையாக இருட்டியது. பூட்ஸ் சத்தம் சந்து வழியாக வாசலுக்குப் போய் நின்றது.

"இன்னா சார், உள்ள ஏதாச்சும் சத்தம்?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார்.

அவன் பதில் சொன்னானா என்று தெரியவில்லை, தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. அது போன பிறகு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பலகை மாட்டியிருந்த கம்பியை யாரோ கொக்கியிலிருந்து மெதுவாகக் கழற்றினார்கள். பலகையைக் கீழே போடவில்லை. சுவரில் சாய்த்து வைத்தார்கள், கட்டர் பட்டுக் கீறல் விழாமல்.