சுஜித்தாவின் மூன்றாவது குமிழ்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதில்தான் எனக்கும் என் பாத்திரமான மிஹ்லாருக்கும் சிறு எல்லைத் தகராறு.

நான் முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன். ஓய்வுபெற்ற பின் மதகு திறக்கக் கிடைக்காத குறைக்குக் கதை எழுதுகிறேன். கல்முனையில் எங்கள் வீட்டு மதிலுக்கு அப்பால் சீமெந்துக்கல் வார்க்கும் ஒரு வாடி, ஒரு கொட்டகை, இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே வேலை இல்லை. அந்த நாளில் நாலைந்து பேர் கூடி ரொக் இசை பழகுகிறார்கள். ஒரு சனிக்கிழமை அங்கிருந்து ஒரேயொரு பேஸ் கிட்டார்ச் சுரம் வந்தது. எங்கள் அலுமாரியிலிருந்த பதினாறு கோப்பைகளும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. கிணற்றுத் தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்கியது. சொறிக்கல்முனை வயலில் மேய்ந்த மாடுகள் தலை நிமிர்ந்து மேற்கும் கிழக்கும் பார்த்தன.

(என் மனைவி ஸுஹைறாதான் முதல் வாசகி. இந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ஒரு கோப்பைதான் ஆடினது. அதுவும் உங்கட கை பட்டு.")

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வாசித்தது ஒரு பெண். காலடியில் ஒரேயொரு பெட்டி. நாற்பது உரிச்சொல் போட்டும் அசைக்க முடியாத வாசகனை இவள் ஒரு பெட்டியை மிதித்து...

இந்த வாக்கியத்தை முடிக்க வயிற்றெரிச்சல் விடவில்லை. பக்கத்தில் எட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும், எரிவதில் இவன் எனக்கு அண்ணன் என்று தெரிந்தது. கதையை அவனிடம், மிஹ்லாரிடம், கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

2

தொடக்கங்கள்:

அ) "மிஹ்லார் பிறந்த அன்றே இடது காலால் எதையோ மிதித்தான்." அடித்துவிட்டேன். தாதி கோபிப்பார்.

ஆ) "கல்முனைக் கடலில் சூரியன்..." என் உதவி இல்லாமலே எழுகிற ஆள். விட்டுவிட்டேன்.

இ) "கைபேசியில் பேஸ் கேட்காது." இது நிற்கட்டும்.

கைபேசியில் பேஸ் கேட்காது. மிஹ்லாரின் துயரம் முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடங்கும். அவனும் பாண்டிருப்புக் கிசோக்கும் சேர்ந்து தொடங்கிய குழுதான் மதிலுக்கு அப்பால் பழகுவது. கிசோக் கிட்டார், மிஹ்லார் பேஸ், நளீம் டிரம்ஸ். முதல் வீடியோவைப் பேஸ்புக்கில் போட்ட அன்று தங்கச்சி ஆகிலா அதை மூன்று தரம் பார்த்தாள்.

"காக்கா, கிசோக் அண்ணன்ட கிட்டார் கேக்குது. டிரம்ஸ் கேக்குது. நீங்க இதுல என்ன செய்றீங்க?"

"வாசிக்கிறன்."

"அப்ப ஏன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

அன்றிலிருந்து மிஹ்லார் பெடல் சேர்க்கத் தொடங்கினான். கிட்டாருக்கும் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்புக்கும் நடுவில் தரையில் கிடக்கும் இரும்புப் பெட்டிகள். காலால் மிதித்தால் சத்தம் மாறும். என் பாஷையில் சொன்னால் வாய்க்காலில் வைத்த மதகுகள். ஃபஸ் என்ற பெட்டி சத்தத்தை நரநரவென்று அரைக்கும். கோரஸ் ஒருவனை நாலு பேராக்கும். டிலே சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்.* அரைத்த சத்தம் கைபேசியிலும் கேட்கும் என்பதால் முதலில் வந்தது ஃபஸ். பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. எட்டு.

*இந்தப் பெட்டி என்னிடம் பிறவியிலேயே இருக்கிறது என்கிறார் ஸுஹைறா.

எண்ணிப் பார்த்ததில் ஐந்து. நான் ஃபஸ்ஸை மிதித்துக்கொண்டு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

மேல்வயல்காரன் ஒவ்வொருவனும் கொஞ்சம் தண்ணீர் வெட்டி எடுத்தால் கடைசி வயலுக்குச் சேறு மட்டும்தான் போகும். பெட்டிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் பேஸின் அடியை, அந்தக் கனத்த கீழ்ச்சத்தத்தை, கொஞ்சம் உறிஞ்சிவிடும். மிஹ்லாரின் சத்தம் இப்போது கைபேசியில் கேட்டது, ஆனால் நெஞ்சில் இடிக்கவில்லை. நளீமின் கால் தாளம் பிடிக்கத் தடுமாறியது.

"மச்சான், உன்ட சத்தம் பளபளண்டு இரிக்கி," என்றான் கிசோக். "ஆனா பாட்டு மிதக்குதுடா. கீழ ஒண்டும் இல்ல."

"உனக்கு என்ட சத்தம் கேக்கத் தொடங்கினதுதான் பிரச்சினை."

அந்த நேரம் பார்த்து வரிப்பத்தான்சேனையில் வாப்பாவின் வயலில் அறுவடை வெட்டு வந்தது. மிஹ்லார் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. ஆளில்லாமல் கிசோக் காரைதீவிலிருந்து சுஜித்தாவைக் கூட்டிவந்தான். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், அளந்துதான் பேசுவாள். மூன்றாம் சனிக்கிழமை மிஹ்லார் திரும்பி வந்தபோது பாட்டு தரையில் இறங்கி நின்றது. நளீம் சிரித்துக்கொண்டே அடித்தான். மிஹ்லாரோடு அவன் சிரித்து ஆறு மாதம்.

மட்டக்களப்பில் ஒரு நிகழ்ச்சி வந்திருந்தது. மேடையில் ஒரு பேஸுக்குத்தான் இடம்.

"வாற சனி ரெண்டு பேரும் ஒரே பாட்ட வாசிங்க," என்றான் கிசோக், மிஹ்லாரின் முகத்தைப் பார்க்காமல். "அதுக்குப் பிறகு பாப்பம்."

தான் தொடங்கிய குழுவில் தனக்கே பரீட்சை. மிஹ்லார் சுஜித்தாவின் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான். திருகுகிற மூன்று குமிழ்கள். எந்த அளவில் நிற்கவேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. மூன்றாவது குமிழில்தான் விஷயம் இருந்தது. அரைத்த சத்தத்தோடு அரைக்காத பச்சைச் சத்தத்தை எவ்வளவு கலப்பது என்பது அதன் வேலை. அந்தப் பச்சைதான் அடி.

"உள்ளுக்கு என்ன மாத்தியிரிக்கி?"

"ஒண்டும் மாத்தல்ல அண்ணன். வாங்கின மாதிரியே கிடக்கு."

இப்படியொரு அடக்கமான பதில் பொறாமைக்குப் போடும் உரம். யூரியா கிட்டவும் நிற்காது.

4

இங்கே மிஹ்லாருக்கு ஒரு சோகமான பிள்ளைப்பருவம் எழுதினேன். உடைந்த ஹார்மோனியம், மழை, காய்ச்சல் எல்லாம் இருந்தன. ஸுஹைறா ஆறு பக்கத்தையும் மடித்து மேசைக்காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார்.

"அவனப் பாவமாக்காதீங்க. செய்யப்போறத செய்யட்டும்."

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான் எண்டு நினைக்கிறன்."

"நீங்க செய்வீங்களா?"

மேசை இப்போது ஆடுவதில்லை.

5

அவன் செய்தான். நகப்பூச்சும் அதை அழிக்கும் திரவமும் வாங்கினான். வீட்டில் எடுக்க வழியில்லை. தொழுகைக்கு முன் ஒழுச் செய்து கழுவும்போது தண்ணீர் நகத்தில் படாது என்று உம்மா அந்தச் சாமானை வாசலுக்குள் விடமாட்டார். ஆகிலாவின் விரலில் மருதோன்றி மட்டும்தான். பஸாரில் வளையல், பவுடர் விற்கும் பென்சிக் கடை கச்சிமுகம்மது இரண்டு போத்தலையும் பையில் போட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மகன், கலியாணம் பேசியாச்சா?"

மிஹ்லார் வீடு போய்ச் சேரும் முன் அட்டாளைச்சேனையில் மூன்று பெண்வீட்டார் அவனைக் கைவிட்டதாகக் கேள்வி. (இதை ஸுஹைறா அழிக்கச் சொன்னார். அழிக்கமாட்டேன்.)

சனிக்கிழமை. மிஹ்லார் முதலில் வாசித்தான். மோசமில்லை. அடுத்தது சுஜித்தா என்னும்போது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பாங்கு கேட்டால் அம்ப்பை அணைத்துவிடவேண்டும், ஜமாஅத் தொழுகை முடியும்வரை யாரும் கம்பியில் கை வைக்கக்கூடாது. இந்தச் சட்டம் போட்டது கிசோக். பாண்டிருப்புக் கோயில் பிள்ளை அவன். இந்த விஷயத்தில் நளீமைவிடக் கண்டிப்பு. அவனும் சுஜித்தாவும் தெருவோரக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நளீம் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

"நீ போ, நான் ஒழுச் செஞ்சிட்டு வாறன்," என்றான் மிஹ்லார்.

எல்லோரும் போனார்கள். அவன் போகவில்லை.

மூன்றாவது குமிழின் பொட்டைப் பஞ்சால் அழித்தான். குமிழைக் கடைசிவரை திருகினான், பச்சைச் சத்தம் ஒரு சொட்டும் வராத அளவுக்கு. புது இடத்தில் புதுப் பொட்டு வைத்தான். அவசரத்தில் பூச்சு தடித்துவிட்டது. குனிந்து ஊதினான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகை தொடங்கும் இகாமத் கேட்டது. அவன் ஊதிக்கொண்டேயிருந்தான்.

(நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்கக்கூடாது.)

6

கிசோக்கும் சுஜித்தாவும் வந்தார்கள். பின்னால் நளீம் தொப்பியை மடித்துக்கொண்டு வந்தான். மிஹ்லார் அப்போதுதான் வந்தவன்போல வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான். சுஜித்தா கம்பியைத் தட்டினாள். காய்ந்த தகரத்தில் நுளம்பு மோதியதுபோல் ஒரு சத்தம். அடியே இல்லை.

முதல் முடிவு: அவள் தடுமாறினாள், வியர்த்தாள், மிஹ்லார் மட்டக்களப்பு மேடையில் ஏறினான். இதை எழுதியபோது எனக்கு வந்த சந்தோசத்தைக் கண்டு நானே பயந்து கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: கரண்ட் போனது, எல்லோரும் சிரித்தார்கள், மன்னித்தார்கள். கரண்டை நம்பிக் கதை எழுதுவதற்கு நான் அவ்வளவு சோம்பேறியில்லை.

நடந்தது இது. சுஜித்தா நிறுத்தவில்லை. அதே சுரத்தைத் தட்டிக்கொண்டே குனிந்தாள். பொட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, காதால் தேடி, மூன்றாவது குமிழை மெதுவாகத் திருப்பினாள். வாய்க்காலில் தண்ணீர் வருவது முதலில் பாதத்தில்தான் தெரியும், அப்படி வந்தது சத்தம். மிஹ்லாருக்கும் வந்தது, உள்ளங்காலிலிருந்து நெஞ்சுவரை. எதை அழிக்கப் பார்த்தான் என்பது அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அவள் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தாள். நுனியில் சிவப்பு. காயாத சிவப்பு. கிசோக்கும் அந்த விரலைப் பார்த்தான். வாடி முழுக்க நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம். அதை எந்தப் பெடலாலும் மறைக்கமுடியாது.

அவள் கோபிக்கவில்லை. யாரும் யாரிடமும் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டாள்:

"மிஹ்லார் அண்ணன், தொழுதிட்டு வந்திட்டீங்களா?"

7

"ஓம், தொழுதிட்டன்" என்றால், வாடிக்குள் யாரும் இருக்கவில்லை என்றாகும். நளீம் முன் வரிசையில் நின்றவன், பின்னால் யார் நின்றார்கள் என்று அவனுக்குத் தெரியாது. மேடையில் இடம் இன்னும் திறந்திருக்கும். ஆனால் அந்தத் தொழுகையின் பெயரால் சொன்ன பொய்யோடுதான் இனி ஒவ்வொரு சனியும் வாசிக்கவேண்டும். "இல்லை" என்று சொன்னால், வாடிக்குள் இருந்தது அவன் மட்டும்தான் என்றாகும். குழுவும் போகும், கிசோக்கும் போவான்.

இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவன் வாயைத் திறக்கும்வரை நன்றாகவே போகிறது. பிறகு நான் உரிச்சொல் தேடத் தொடங்கிவிடுகிறேன்.

ஸுஹைறா கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் என்ன சொன்னான் எண்டத விடுங்க. ஊதினதெல்லாம் பாத்து எழுதியிரிக்கீங்களே, அண்டைக்கு நீங்க அஸர் எங்க தொழுதீங்க?"

பேனாவை மூடி வைத்திருக்கிறேன். அவர் பதிலுக்கு நிற்கிறார். மதிலுக்கு அப்பால் மூன்று பேர் மிஹ்லாரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாசகரே, எனக்கும் அவனுக்கும் சேர்த்து நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக.