அகத்தா வீட்டு எலுமிச்சைப் புழு

1978இல், ஈஸ்டர் முடிந்த வாரம், கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அகத்தா வீட்டு முற்றத்தில் கிடந்த பச்சைப் புழு கன்றுக்குட்டி அளவு இருந்தது. அதே வாரம் முட்டை விலையும் ஏறியதால் லயத்து வரிசைவீட்டுச் சனம் இரண்டையும் சேர்த்தே பேசியது. ரோமம் இல்லை, ஆகவே அரிக்காது என்று முதலில் தடவிப் பார்த்துச் சொன்னவள் அகத்தாதான். முதுகிலிருந்த இரண்டு பெரிய கண்கள் குருவியை மிரட்டும் வெறும் புள்ளிகள் என்றும், நிஜக் கண்கள் வாயோரம் புளியங்கொட்டை போல இருக்கின்றன என்றும் அவளே காட்டினாள்.

ரப்பர் தோட்டத்துப் புழு ரப்பர் இலையைத்தானே தின்னும் என்று எல்லாரும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அது திரும்பியும் பார்க்கவில்லை. மரவள்ளி இலையையும் தொடவில்லை. நாளுக்கு நாள் சுருங்கி ஆட்டுக்குட்டி அளவாயிற்று. இனிச் சுருங்கினால் பிழைக்காது என்று அகத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் செலஸ்டின் தோட்டத்தில் மருந்தடிப்பவர். "கஷ்டப்படுது பாவம். ஒரு பம்பு அடிச்சி விட்றவா?" என்றவர், அவள் பார்த்த பார்வையில் பின்வாங்கியபோது பம்பின் முனை புழுவின் முதுகில் இடித்தது. தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் ஓர் இரட்டைக் கொம்பு நீண்டது. லயம் முழுக்க எலுமிச்சை வாசம் அடித்தது. அகத்தா திரும்பி, முற்றத்தோரம் மொட்டையாய் நின்ற தன் எலுமிச்சங்கன்றைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக் காளியம்மாவின் ஆடு தின்றுவிட்டதென்று சண்டை போட்டு, குருத்தோலை ஞாயிற்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. லயத்தில் பெரிய எலுமிச்சை மரம் இருந்ததோ காளியம்மாவிடம் மட்டும்தான்.

"என் ஆட்ட திருடின்னு சொன்ன வாய்தானே இது?" வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள் காளியம்மா.

"தப்புதாங்க்கா. தின்னது புழு."

"என்கிட்ட ஏன் சொல்ற? ஆடு அந்தா நிக்குது, அதுகிட்ட போயி சொல்லு லா."

அகத்தா லயமே கேட்க ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆடு மென்றபடியே கேட்டுக்கொண்டது. முதல் கிளையை, முள் குத்தக் குத்த, காளியம்மாவே முறித்துத் தந்தாள்.

மரம் மொட்டையானபோது புழு பழைய அளவைத் தாண்டியிருந்தது. பிறகு வயிற்றைச் சுத்தமாகக் கழித்து, வீட்டுத் தூணில் ஏறி, இடுப்பில் பட்டுக்கயிறு சுற்றி, கள் இறக்குபவர் தென்னையில் சாய்வதுபோலச் சாய்ந்து கூடாயிற்று. செத்துவிட்டது என்றார்கள். தொட்டால் நெளிகிறது பாருங்கள் என்று, ஜித்ராவிலிருந்தும் தஞ்சோங் டாவாயிலிருந்தும் வந்தவர்களுக்கெல்லாம் அகத்தா சளைக்காமல் விளக்கினாள். கூடு பிளந்த காலையில் கசங்கிய சேலைபோல் வெளிவந்த இறக்கைகள், நரம்பில் நீர் ஏற ஏற விரிந்து கூரையை மூடின. ஈரம் காயும்வரை யாரும் தொடாதபடி இரண்டு பெண்களும் கைகோத்து நின்றார்கள்.

"எங்க மரத்து இல," என்றாள் காளியம்மா கூட்டத்தைப் பார்த்து.

"எங்க வீட்டுத் தூணு," என்றாள் அகத்தா.

அது பறந்துபோன பின் ஒவ்வொரு ஈஸ்டர் கழிந்தும் ஒரு காலை நேரம் லயத்தின்மேல் கறுப்பும் மஞ்சளுமாய் இறக்கை நிழல் விழுந்தது. 1985க்குள் வீட்டுக்கு வீடு எலுமிச்சை நின்றது.

"வந்துட்டாக்கா, நம்ம பொண்ணு," என்பாள் அகத்தா.

"வரட்டும். இல நெறையா இருக்கு."

அன்றைக்கு மிளகாய் காயப்போட வேண்டாம் என்பதை மட்டும் புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சொல்லி வைப்பார்கள்.