குழியில் ஊறிய தண்ணீர்

வேலுச்சாமி தான் வெட்டிய கல்லறைக் குழிக்குள் நின்றபடி ஒன்பதாவது வாளியை மேலே நீட்டினார். அது இறந்துபோன ஞானதுரையின் பெயின்ட் கடை வாளிதான். இறைக்க இறைக்கத் தண்ணீர் அவர் முழங்காலை விட்டு இறங்கவில்லை.

"பெயின்ட்ல ஒரு சொட்டுத் தண்ணி கூடுதலா கலக்க விடமாட்டாக. அவுக குழியில இம்புட்டுத் தண்ணி," என்றார்.

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். பெட்டி இரண்டு பெஞ்சுகளின் மேல் காத்திருந்தது. போதகர் வேதாகமத்தை மூடி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"இங்கன தண்ணி வந்து நான் பாத்ததில்லையே," என்றான் ஞானதுரையின் மகன் கிங்ஸ்லி. அவன் தோளில் அவனுடைய மூன்று வயது மகள் மகிமா சாய்ந்திருந்தாள்.

"கண்மாய் பாதி நெறஞ்சதுக்கே இப்படி. மறுகால் பாஞ்சா என்னாகும்? அங்கிட்டு ஒங்க புது வீட்டு வாசல்ல ஒரு குழி தோண்டிப் பாருங்க," என்றார் வேலுச்சாமி.

கல்லறைச் சுவருக்கு அப்பால் அந்த வீடு ஜன்னல் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதைச் சுற்றிலும் வெள்ளையடித்த மனைக்கற்கள். கிங்ஸ்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் தங்கை ஜாய்ஸ் திரும்பினாள். கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அதற்குள்தான் அப்பாவின் மனு இருந்தது. கண்மாய் நிறைந்தால் உபரி நீர் மறுகாலாகப் பாயும் அந்த நிலத்தை வீட்டு மனையாக மாற்றக் கூடாது என்று படுக்கையில் கிடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திங்கட்கிழமை ஜாய்ஸ் அதை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலக வாசல் வரை போனாள். வளாகத்துக்குள் மனைகளை விற்கும் பொன்னுராஜின் பைக் நின்றது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

"குடுத்துட்டியாத்தா?" என்று அன்று கேட்டார் அப்பா.

"குடுத்துட்டேன்ப்பா."

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நேற்று விடியலில் போய்விட்டார்.

"தங்கச்சி." குரல் காதருகே கேட்டது. பொன்னுராஜ்தான். இருந்ததிலேயே பெரிய மாலை அவன் போட்டதுதான். "பெரியவரு ஏதோ மனு எழுதுனாகன்னு சொன்னாக. வீட்டுல கெடந்தா கிழிச்சுப் போட்ரும்மா. இன்னைக்குச் சாயங்காலத்தோட ஆட்சேபணைக்குக் கெடு முடிஞ்சுரும். அப்புறம் ஒங்க அண்ணனும் நிம்மதியா வீட்டக் கட்டி முடிப்பாரு."

ஜாய்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல பிள்ள," என்றான் அவன். நகராமல் அவள் பக்கத்திலேயே நின்றான்.

இனிக் காத்திருந்து பயனில்லை என்று போதகர் கைகாட்டினார். கயிற்றில் இறக்கிய பெட்டி தண்ணீரைத் தொட்டதும் சற்று மிதந்தது. வேலுச்சாமி மேலிருந்து ஒரு கழியால் அதை மெல்ல அழுத்தினார்.

"அப்பா, தாத்தா நனைஞ்சுருவாகல்ல?" என்றாள் மகிமா. கிங்ஸ்லி அவள் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டான்.

ஒவ்வொருவராக மண் போட்டார்கள். ஜாய்ஸும் அள்ளினாள். குழைந்த களிமண் விரல்களை விட்டு விழவே இல்லை. உதறினாள். அப்போதும் பாதி கையிலேயே நின்றது.

வாசலில் எல்லோரும் வேனில் ஏறினார்கள். "நீ வரல?" என்றாள் அண்ணி.

"பின்னாடி வாறேன் அண்ணி."

பேரூராட்சி அலுவலகச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. மேசைக்குப் பின்னால் இருந்த மாரீஸ்வரி மனுவைப் படித்துவிட்டு, ஜாய்ஸின் வெள்ளைச் சேலையையும் மண் ஒட்டிய கையையும் பார்த்தாள்.

"ஞானதுரைங்கிறது?"

"எங்கப்பா."

"அவுக வரலையா?"

"வரல."

மாரீஸ்வரி அந்த மண்ணை மறுபடி பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி வைத்தாள். "அப்ப நீங்க ஒங்க பேருல போடணும். விலாசம், போன் நம்பர் எல்லாம். விசாரணைக்குக் கூப்புடுவாக. எதிர்த் தரப்பும் வருவாக. யோசிச்சுக்கங்க."

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன். அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மறுபடி தொடங்கியது.

ஜாய்ஸ் பேனாவை வாங்கினாள். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. வெளியே ஒரு பைக் வந்து நின்றது. அவள் நிமிரவில்லை. விலாசத்தை முழுவதும் எழுதினாள்.

நகத்திலிருந்து காய்ந்த மண் தாளின் மேல் உதிர்ந்தது. மாரீஸ்வரி அதை மெல்ல ஊதிவிட்டு முத்திரையை எடுத்தாள்.