பதினான்கு சார்ஜர்கள்

விடிந்தும் விடியாத நேரம். ஒன்பதாம் நம்பர் காட்டில் மூடுபனி இடுப்பளவுக்கு நின்றது. லோயிஸ் கொழுந்து வெட்டும் மிஷினைத் தேயிலைச் செடியின் தலைமட்டத்துக்குப் பிடித்தபடி ஓர் அடி நடந்தாள், நின்றாள், பின்னால் தொங்கும் பையை உதறினாள், மறுபடி ஓர் அடி நடந்தாள். பிளேடு ஓடும் இரைச்சல் காதை அடைத்தது. கைப்பிடியின் அதிர்வு மணிக்கட்டில் ஏறி முழங்கையில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் சோறு பிசையும்போதும் இறங்காது. இடுப்புப் பட்டையில், உறைக்குள் கிடந்த பேட்டரி விலாவில் இடித்துக்கொண்டே வந்தது.

போன வருஷம்வரை இதே காட்டில் நாற்பது பேர் வரிசை கட்டி நின்று கையால் கொழுந்து கிள்ளினார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகள் யாரோடு பேசுகிறாள் எல்லாம் ஒரு வரிசை முடிவதற்குள் தெரிந்துவிடும். இப்போது பதினான்கு மிஷின், பதினான்கு காடு, காட்டுக்கு ஓர் ஆள். மீதிப்பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் மூட்டை கட்டிவிட்டார்கள். மஞ்சூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் ‘அடடா, உலகத்தில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்’ என்று லோயிஸுக்குத் தோன்றும். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் ஷைனா கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வேலையில், ஹாஸ்டலில் இருக்கிறாள். லோயிஸுக்கு எஸ்டேட் கொடுத்த, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுதான் மிச்சம். அதுவும் வேலை இருக்கும்வரைக்கும்தான்.

அன்று சனிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மாலதியின் பேட்டரி வெடித்தது. மாலதி வலது உள்ளங்கை வெந்துபோய் ஊட்டி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். லோயிஸ் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். இரைச்சலில் நினைப்புதான் துணை, வேறு என்ன செய்வது?

பேட்டரி கதை கொஞ்சம் முன்னால் தொடங்கியது. மிஷினோடு வந்த கறுப்பு பேட்டரிகளையும் சார்ஜர்களையும் ஸ்டோரில் வைக்க இடமில்லை என்று ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் சார்ஜ் போட்டு, காலையில் எடுத்து வர வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் லோயிஸின் கறுப்பு பேட்டரி செத்துவிட்டது. சூப்பர்வைசர் வினோத் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சாம்பல் நிறத்தில் வேறு கம்பெனி பேட்டரி ஒன்றைக் கையில் வைத்தான். அது பழைய சார்ஜரில் உட்காரவில்லை. சார்ஜரின் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் பல் குறுக்கே நின்றது. வினோத் சார்ஜரை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய், பல்லை அறுத்துக் கொண்டுவந்தான்.

“இப்ப சேருதுங்களா? உங்களுக்கு மட்டும்தான் புதுசு. நல்லா வேலை செய்யறீங்கன்னு குடுத்திருக்கு. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க. ஒரு மணி நேரத்துல கழட்டிரோணும், அவ்வளவுதான்” என்றான்.

தனக்கு மட்டும் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இராது? லோயிஸும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவளைத் தின்றது. பேட்டரி கொதிக்கும், பச்சை விளக்கு எரியவே எரியாது. கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரிலேயே உட்கார வேண்டும். சபையில் புதன்கிழமை ஜெபத்துக்குப் போவது நின்றது. தண்ணீர்க் குழாயடிப் பேச்சு நின்றது. ஆறு மணியானால் கதவைச் சாத்திக்கொண்டு பிணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருப்பாள். எந்தக் கதவும் ஆறு மணிக்குத் திறந்திருக்காது என்பதை அவள் கவனித்தாள், காரணத்தை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை கரண்ட் போனது. ஒற்றைச் சுவருக்கு அப்பால் மாலதி குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ‘மாலதி, கரண்ட் வந்துருச்சு’ என்று ஒரு குரல் கொடுக்கலாமா என்று லோயிஸ் எழுந்துகூட நின்றாள். மாதக்கணக்காகப் பேசாத வாய்க்குக் கூச்சம் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். சார்ஜரைக் கழட்டாமல் போயிருந்த மாலதி குழாயடியிலிருந்து திரும்பியபோது வீடு முழுக்கப் புகை. வீடு பற்றிவிடக் கூடாதே என்று, எரிகிற பேட்டரியை வெறுங்கையால் எடுத்து முற்றத்தில் வீசினாள்.

சனிக்கிழமை மத்தியானம் வினோத் காட்டுக்கு வந்து, மேனேஜர் கூப்பிடுவதாகச் சொன்னான். ஆபீஸில் மேனேஜர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மாலதி தன் வீட்டிலேயே இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் சார்ஜரின் பல்லை அறுத்ததை, பக்கத்து வீட்டுக்காரி என் கண்ணால் பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்தது.

“நான் பாக்கலீங்களே சார்.”

“நடுவுல ஒத்தைச் சுவரு. பாக்காம இருந்திருப்பீங்களா?”

“அறுத்தது அவங்கதானுங்களா?”

“பின்னே எஸ்டேட்டா அறுக்கும்? கண்ட பேட்டரியைக் கண்ட சார்ஜர்ல போட்டா வெடிக்காம என்ன பண்ணும்? வைத்தியச் செலவு, நஷ்டஈடுன்னு நாளைக்கு எவனாவது வருவான். அவங்க தப்புன்னு இப்பவே முடிச்சிரணும்.”

“போடலீன்னாங்க சார்?”

“பதினாலு மிஷினைப் பன்னெண்டாக்கச் சொல்லி மேலேருந்து சொல்லிட்டே இருக்காங்க. மிஷின் இல்லாத ஆளுக்கு லைன்ல எதுக்கு வீடு? நான் பயமுறுத்தலை, உள்ளதைச் சொல்றேன். திங்கக்கிழமை மஸ்டருக்கு வரும்போது முடிவு பண்ணிட்டு வாங்க.”

பயமுறுத்துகிறவர்கள் எல்லாரும் உள்ளதைத்தான் சொல்வார்கள்.

லோயிஸ் வீட்டுக்கு வந்து, பெட்டியும் பாத்திரமுமாக ரோட்டில் நிற்கும் தன்னை நினைத்துப் பார்த்தாள்.  ‘எனக்கு மட்டும்தானே புது பேட்டரி. மாலதி எங்கேயோ ஒன்றைப் பிடித்து, தானே அறுத்திருப்பாளோ?’ என்றும் ஒரு எண்ணம் வந்தது. வேண்டும் என்றே வரவழைத்த எண்ணம். அப்படி இருந்துவிட்டால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடலாமே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவள், மாலதி வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. பேட்டரியை ஆபீஸ் ஆட்கள் அள்ளிப்போயிருந்தார்கள். சார்ஜர் அலமாரிக்கு அடியில் விழுந்து கிடந்ததால் தப்பியிருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தாள். பல் அறுபட்ட இடம் இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. ஓரத்தில் பிளேடு வழுக்கிய இரண்டு கோடுகள். தன் சார்ஜரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதே சாய்வு, அதே இரண்டு கோடுகள்.

 இரண்டு சார்ஜரையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, லைனின் கடைசி வீட்டுக்குப் போனாள். அங்கே சின்னம்மை இருந்தாள். சிலோனிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். பெற்றவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட அந்த ஊர்ப் பேச்சு இன்னும் போகவில்லை.

“அக்கா, உங்க சார்ஜரைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள் லோயிஸ்.

சின்னம்மைக்கு முகம் மாறிவிட்டது. “என்னாத்துக்கு புள்ள? ஆபீஸ்ல சொல்லி அனுப்புனாங்களா?”

“இல்லீங்க. என்னோடதைப் பாருங்க முதல்ல.”

லோயிஸ் முந்தானையை விரித்தாள். சின்னம்மை பார்த்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு இரும்பு வாளியை இழுத்தாள். அதில் பாதி மணல். மணலுக்கு மேலே சார்ஜரும் சாம்பல் நிற பேட்டரியும் இருந்தன.

“எனக்கு மட்டுந்தான் குடுத்ததுன்னு சொன்னான் அந்தப் பொடியன். சூடு தாங்காமத்தான் மண்ணுல வைக்கிறேன். என் கைராசிதான் இப்பிடின்னு நெனச்சேன். வெளிய சொன்னா புடுங்கிருவாங்களேன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“எனக்கும் அப்படித்தானுங்க சொன்னான்.”

 சின்னம்மைக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. சேர்ந்தே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ராஜப்ரியா ஆட்டுக்கல் குழிக்குள் வைத்து சார்ஜ் போடுகிறாள். லிங்கசாமி கொல்லைப்புறம் வயர் இழுத்து, குளிக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர். வீட்டுக்கு வீடு ஒரு தந்திரம், வீட்டுக்கு வீடு அதே சாய்வு, அதே இரண்டு கோடுகள். பதினான்கு பேரும் ஆறு மாதமாகத் தனித்தனியே ஒரே பயத்துக்குக் காவல் இருந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வரை படித்த ராஜப்ரியா சார்ஜர், பேட்டரி இரண்டின் அடியிலும் எழுதியிருந்ததை வாசித்தாள். “சார்ஜர்ல இருபத்தோரு வோல்ட்டுன்னு இருக்குதுங்க. பேட்டரியில பதினாறு புள்ளி எட்டு. இது நெறைஞ்ச பின்னாலயும் அது தள்ளிட்டேதான் இருக்கும். அந்தப் பல்லு சேராததைச் சேர விடாம நிறுத்தத்தானுங்க இருந்திருக்குது.”

“மாலதிதான் அறுத்தான்னு கையெழுத்துக் கேக்கறாங்க. போடலீன்னா ஊட்டைக் காலி பண்ணோணுமாம்” என்றாள் லோயிஸ். சொன்ன பிறகுதான், போடலாம் என்று நேற்று நினைத்ததையும் சொன்னாள். அன்று கரண்ட் வந்தபோது கூப்பிடாமல் இருந்ததையும் சொன்னாள்.  யாரும் அவளைத் திட்டவில்லை. லிங்கசாமி மட்டும், “மாலதி கொடத்தோட போனதை நானுந்தான் பாத்தேன். கரண்ட் வந்தும் கூப்பிடாம உள்ளே போயிட்டேன்” என்றார். அன்று சாயங்காலம் ஒருவரும் சார்ஜ் போடவில்லை.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதும் மஸ்டர் கொட்டகையில் மேனேஜர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். லோயிஸ் முன்னே வந்து இரண்டு சார்ஜர்களை மேஜை மேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் சின்னம்மை ஒன்று வைத்தாள். ராஜப்ரியா வைத்தாள். கடைசிச் சார்ஜரை வைக்கும்போது தாளுக்கு மேஜையில் இடமில்லை. அவர் அதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“என்ன இது?”

“மாலதி அறுத்ததுன்னு எழுதியிருக்கீங்க சார். பதினாலு சார்ஜருங்க. எல்லாம் ஒரே கை அறுத்தது. மாலதி எங்க ஊட்டுக்கெல்லாம் வந்து அறுத்துக் குடுத்தாங்கன்னு எழுதுங்க, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் வினோத்தைப் பார்த்தார். வினோத் தரையைப் பார்த்தான்.

“சார்ஜ் பண்ணாம வந்திருக்கீங்க. மிஷின் ஓடாது. இன்னிக்கு ஒருத்தருக்கும் பேர் கிடையாது, கூலியும் கிடையாது” என்றார் மேனேஜர்.

“வேண்டாங்க. பேட்டரிக்கு உண்டான சார்ஜர் வரோணும். சார்ஜ் போடறது உங்க ஸ்டோர்ல, உங்க ஆளை வெச்சு. மாலதிக்கு அடிபட்டது எஸ்டேட் வேலையிலேன்னு எழுதோணும். அதுவரைக்கும் யாரும் பேட்டரியை ஊட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம்.”

“வீட்டை யோசிச்சீங்களா?”

லோயிஸ் தன் சார்ஜரை மற்றவற்றோடு சேர்த்து நேராக வைத்தாள்.  “ரெண்டு நாளா அதைத்தானுங்க யோசிச்சேன்.”

மேனேஜர் வினோத்திடம் சார்ஜர்களை உள்ளே எடுக்கச் சொன்னார். லிங்கசாமி மேஜைக்கும் வினோத்துக்கும் நடுவில் போய் நின்றார். “குன்னூர் லேபர் ஆபீசருக்குச் சொல்லி அனுப்பறோம். அவர் வந்து பாக்கற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டுங்க தம்பி.” மத்தியானம்வரை அவர்கள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போன மேனேஜர் திரும்பி வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஆபீஸ் சுவரில், செவ்வாய்க்கிழமையும் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒருவருக்கும் அது ஆச்சரியமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது.

நாலு மணி பஸ்ஸில் மாலதி வந்து இறங்கினாள். கையில் தலையணை கணக்காகக் கட்டு. சின்னம்மையும் ராஜப்ரியாவும் அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார்கள். லோயிஸுக்கு மட்டும் அவள் முகத்தில் விழிக்கத் துணிவில்லை. தன் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, ஐந்து பேருக்கு ஆகிற மாதிரி டீத்தண்ணீர் வைத்தாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. இருட்டில் வெளியே குழாயடியில் பேச்சுக்குரல்கள் கேட்டன. கதவு எதுவும் சாத்தியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. லோயிஸ் எழுந்து நின்றாள். சுவரில் கையை வைத்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள்.

“மாலதி, கரண்ட் வந்துருச்சு.”

 அந்தப் பக்கமிருந்து இடது கையால் தட்டுகிற, பழக்கமில்லாத, கோணலான தட்டு கேட்டது.

“கேட்டுச்சுங்கக்கா. டீயை எடுத்துட்டு இந்தப் பக்கம் வாங்க, எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”