போணி ஆகாத ஆட்டோ

போலீஸ் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிளிஃபர்டுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நேற்றுக் காலை வரை ஆஸ்டின் டவுன் ஸ்டாண்டில் ராஜா மாதிரி நின்ற அவனுடைய ஆட்டோ, கண்ணாடி நொறுங்கி, கூரை கிழிந்து வாசலில் கிடந்தது. அவனுடையது மட்டுமா? ஸ்டாண்டில் இருந்த அத்தனை வண்டியும் நாசம். பக்கத்து பேக்கரியின் ஷட்டரைக்கூட விட்டு வைக்கவில்லை.

“விடக்கூடாதுடா,” என்று பக்கத்தில் உறுமினான் ஸ்டாண்ட் தலைவன் நோயல். “வீடு குடுத்தோம், சோறு குடுத்தோம். நம்ம மேலயே கல்லைத் தூக்குறானுங்க பாரு.”

வீடு கொடுத்தார்கள், வாஸ்தவம்தான். நமக்கு ஒரு வாடகை, ஆப்பிரிக்க மாணவர்களுக்கு இரட்டை வாடகை. பக்கத்து நீலசந்திரா சந்துகளில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பறந்த கேலிப் பெயர்களை இங்கே அச்சில் போட முடியாது. வருஷக்கணக்கில் மென்று விழுங்கினார்கள். நேற்று துப்பிவிட்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் உமேஷ் கிளிஃபர்டை உள்ளே கூப்பிட்டார். சுவரோரம் தரையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். காங்கோவிலிருந்து படிக்க வந்த முலும்பா. சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“இவன்தானே உன் ஆட்டோவ உடைச்சது? ஆமான்னு சொல்லு. எஃப்.ஐ.ஆர்.ல பேர் ஏத்தறேன். காப்பிய இன்சூரன்ஸ்ல குடு. அஷ்டே, அவ்ளோதான், உன் வேலை முடிஞ்சுது.”

எஃப்.ஐ.ஆர். காப்பி இல்லாமல் வீட்டுப்படி ஏறாதே என்று மனைவி ஆஞ்சலா சொல்லி அனுப்பியிருந்தாள். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆனால் அந்தத் தோளில் ரத்தம் எப்படி வந்தது என்று கிளிஃபர்டுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை ஒரு தண்ணீர் லாரி, முலும்பாவின் நண்பன் தியேரியின் பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போனது. தலையில் பலத்த அடி. அவனை அள்ளிக்கொண்டு முலும்பா ஸ்டாண்டுக்கு ஓடி வந்தான். வரிசையில் முதல் வண்டி கிளிஃபர்டுடையது. அப்போதுதான் துடைத்து, குழந்தை ஏசு படத்துக்குப் பூ வைத்து, முதல் சவாரிக்குக் காத்திருந்தான்.

“இன்னும் போணி ஆகல. ரத்தத்தோட போணி பண்ணா நாள் பூரா வெளங்காது. பின்னால கேளு.”

பின்னால் இருந்தவன், “குடிச்சிட்டு விழுந்திருப்பான்” என்றான். அதற்கும் பின்னால் நோயல். அவன் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

முலும்பா நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி பக்கம் நடந்தான். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்கள்தான் கல்லெடுத்தார்கள். முதல் கண்ணாடி உடைந்தபோது முலும்பா தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தான். தியேரி பாதி வழியிலேயே செத்துப்போனான்.

“சார், ஆள் அடையாளம்...” என்று இழுத்தான் கிளிஃபர்ட்.

“எல்லாம் ஒரே மூஞ்சிதானேப்பா. எவனா இருந்தா உனக்கென்ன?”

கிளிஃபர்டுக்குச் சுருக்கென்றது. காவிரிக் கலவரத்தில் அவன் அப்பாவின் ஆட்டோவுக்குத் தீ வைத்தவர்கள் அவர் பேரையா விசாரித்தார்கள்? தமிழன், அது போதும். எவனாக இருந்தால் என்ன?

“இவன் இல்ல சார்.”

“ஏய், யோசிச்சுப் பேசு.”

“கல்லு விழறப்ப இவன் அங்க இல்ல. அடிபட்டவனத் தூக்கிட்டுப் போயிட்டான். முதல்ல என் வண்டியிலதான் கேட்டான். நான் ஏத்தல. அதையும் எழுதிக்குங்க. எழுதற வரைக்கும் இங்கதான் நிப்பேன்.”

உமேஷ் முறைத்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். “இவன் வீட்டுக்குப் போவான். உனக்குக் காப்பி கிடையாது, ஆட்டோவ மறந்துடு. ஹோகு, கிளம்பு.”

முலும்பா தலை நிமிர்ந்தான். நன்றி சொல்லவில்லை. இந்த ஊரில் கற்ற கன்னடத்தில், நேற்று ஏன் ஏற்றவில்லை என்று மட்டும் கேட்டான். கிளிஃபர்ட் வெளியே வந்தான்.

“பைத்தியமாடா உனக்கு?” நோயல் சட்டையைப் பிடித்தான். “நம்ம வண்டிய உடைச்சவனுங்களுக்கா சாட்சி சொல்ற?”

கிளிஃபர்ட் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“உடைச்சது தப்புதாண்ணா. உடைச்சவனைப் பிடிக்கட்டும். ஆனா ஒரு வெள்ளைக்காரன் அடிபட்டு வந்திருந்தா, போணியாவது மண்ணாவதுன்னு நீயும் நானும் போட்டி போட்டு ஏத்தியிருப்போம். சாகக் கெடக்கிறவனோட தோல் கலரைப் பார்த்துட்டு சாவிய உள்ள போட்டோம் பாரு, கலவரம் அங்கதான் ஆரம்பிச்சுது. கல்லு அப்புறம்தான் வந்துச்சு.”