கொடிக்குக் கட்டுப்பட்ட கப்பல்

பதினெட்டுக் கப்பல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தன.

மூடுபனி விலகியதும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். எல்லாம் நியூகாசிலில் நிலக்கரி ஏற்றி லண்டனுக்குப் போகிறவை. காவலுக்கு எங்கள் 'டோர்கஸ்' ஒன்றுதான். கடற்படை வாடகைக்கு எடுத்த ஒற்றைப் பாய்மரக் கப்பல், பத்து பீரங்கி, நாற்பது ஆள். அதிகாரம் செய்ய லெப்டினன்ட் கெம்பல் என்ற கடற்படை அதிகாரி. ஓட்டுவது ஹார்விச் ஊர்க்காரர்களான நாங்கள். நான் பீரங்கிக்காரன்.

நடுவில் புகுந்தது யாரென்பதில் சந்தேகமில்லை. டன்கர்க்கிலிருந்து அரசாங்க அனுமதியோடு கொள்ளையடிக்க வருகிற பிரெஞ்சுக்காரர்கள். எங்களிடமிருந்து பிடித்த கப்பலிலேயே வருவார்கள். பனி இறங்கியதும் பக்கத்துக் கப்பலுக்குள் தாவிவிடுவார்கள். போன மாதம் இப்படியே இரண்டு பறிபோயின. மூன்றாவது போனால் டோர்கஸின் ஒப்பந்தம் ரத்து. கூடவே, கட்டாய ஆள்பிடிப்பிலிருந்து எங்களைக் காக்கும் சீட்டும் செல்லாது. நாற்பது பேரையும் போர்க்கப்பலில் அடைத்துவிடுவார்கள். திரும்பி வருவது எந்த வருஷமோ.

கிழக்கே அடுத்த பனி திரண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு கப்பலாகச் சோதிக்கலாம் என்றார் லெப்டினன்ட். அது மூட இருந்த ஒரு மணி நேரத்தில் ஐந்தைப் பார்த்தாலே அதிகம். எங்கள் மாலுமித் தலைவர் ரெய்க்ஸ், எல்லாரையும் அருகே கூப்பிடும் கொடியை ஏற்றலாம் என்றார்.

லெப்டினன்ட் சிரித்துவிட்டார். "யோவ் ரெய்க்ஸ், இந்தக் கரிக்காரனுங்க என்னைக்குய்யா நம்ம கொடியை மதிச்சிருக்கானுங்க?"

"மதிக்க மாட்டானுங்க சார். நான் அவனுங்களுக்காக ஏத்தச் சொல்லல."

லெப்டினன்டின் சிரிப்பு சட்டென்று நின்றது.

கொடி ஏறியது. கவனத்தை எங்கள் பக்கம் திருப்ப ஒரு வெற்று வேட்டும் போட்டேன். பதினெட்டுக் கப்பல்களும் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. முன்வரிசையில் விட்பி ஊர்க் கிழவர் ஸ்கெல்டன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி முகச்சவரத்தைத் தொடர்ந்தார்.

கடைசி வரிசையில் ஒரு பழுப்புக் கப்பல் மட்டும் பாயை அழகாகத் திருப்பிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது.

நன்றாக நெருங்க விட்டோம். பிறகு ஒரு பக்கத்துப் பீரங்கிக் கதவுகள் ஐந்தையும் திறந்தேன். அந்தக் கப்பலின் தளத்துக்குக் கீழே அறுபது பேர் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தார்கள். ஒருவனும் சுடவில்லை.

அவர்களின் தலைவன் டெலாத்ர் வாளை ஒப்படைத்துவிட்டு, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டான்: "கொடி ஏத்தினீங்க, உடனே வந்தேன். வேற எவனும் வரல. என்னை மட்டும் எப்படிங்க சந்தேகப்பட்டீங்க?"

சொன்னால் இங்கிலாந்துக்கே மானக்கேடு என்று லெப்டினன்ட் வாயைத் திறக்கவில்லை.

ஒப்பந்தம் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது. ஹார்விச் கடைத்தெருவில் ஆள்பிடிக்கிற கும்பல் எதிரே வந்தபோது, சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடுத்தெருவிலேயே நடந்தேன். அவர்கள்தான் விலகினார்கள்.