மூன்றாம் வரிசைக்குப் போன டேங்க்

தொப்பிக்காரர் தன் கடையில் பழைய டேங்குகளை மூன்று வரிசையாக நிறுத்தியிருந்தார். எல்லாம் மார்பளவு உயரம், கம்பிக் கூண்டுக்குள் அடைத்த பிளாஸ்டிக் டேங்குகள். முதல் வரிசை பளபளப்பு, இரண்டாவது சுமார், மூன்றாவது வெட்டித் தூளாக்கப் போகிறவை. அக்கா நேராக முதல் வரிசைக்குப் போய் ஒன்றைத் தடவிக் கொடுத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"மூடியத் திறந்து மோந்து பாருக்கா."

"நல்லா வாசனையாத்தானே இருக்கு?"

"அதான் பயமா இருக்கு. பழைய டேங்குக்கு எதுக்கு சென்ட்டு?"

லேபிளைச் சுரண்டிய இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது. உள்ளே என்ன இருந்ததோ, அதை வாசனைச் சோப்புப் போட்டு மறைத்திருந்தார்கள். அடுத்ததில் பூச்சிமருந்து நெடி. அதற்கடுத்ததில் பெயின்ட். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தங்கள் பிள்ளைகளை அக்கா வீட்டில்தான் விட்டுப் போகிறார்கள். தவழ்வது, ஓடுவது, கடிப்பது என்று எல்லா ரகமும் உண்டு. நேற்று அவளுடைய தண்ணீர்த் தொட்டி அடியில் பிளந்துகொண்டது. இன்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும், விட்டால் மறுபடி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. நாளைக் காலையில் அத்தனை வாண்டுகளும் தாகத்தோடு வந்து இறங்கும். புது டேங்க் வாங்கும் பேச்சை அக்கா எடுக்கவேயில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் வரிசையின் கோடியில் ஒன்று சாய்ந்து நின்றது. கூண்டு நெளிந்திருந்தது, அடிப்பலகையில் ஒரு கால் உடைந்திருந்தது, மேலெல்லாம் புழுதி. ஆனால் லேபிள் முழுசாக இருந்தது: மிட்டாய்க் கம்பெனிக்குப் போன குளுக்கோஸ் சிரப். மூடியைத் திறந்து செல்போன் விளக்கை அடித்தேன். கீறல் இல்லை, வால்வு ரப்பர் மெத்தென்று இருந்தது, அடியில் செத்த எறும்புகள். சர்க்கரையைச் சோதிக்க எறும்பைவிடப் பெரிய ஆபீசர் உண்டா?

விலை குறைய, எங்கள் வீட்டில் எதையும் திட்டித்தான் வாங்குவோம். சின்ன வயதில் அப்பா எங்களைக் கடைக்குக் கூட்டிப்போனதே, கூட நின்று முகம் சுளிக்கத்தான். அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, இந்த நொண்டிய எல்லாம் கடைல வச்சிருக்கீங்க?"

"கூண்டுதான் தம்பி நெளிஞ்சிருக்கு. உள்ள தங்கம்," என்றார் தொப்பிக்காரர்.

"தங்கமா? எறும்புங்க சுடுகாடு மாதிரி இருக்கு."

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சும்மா குடுத்தாக்கூட வேணாம்டா. இதுல கோழிகூட தண்ணி குடிக்காது."

கொஞ்சம் அதிகம்தான். என்னைவிட அவளுக்கு எப்போதும் நடிப்பு நன்றாக வரும்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க தங்கச்சி. நான்தான் வீம்புக்கு வச்சிருக்கேன்போல." பிறகு உள்பக்கம் பார்த்துக் கத்தினார்: "யப்பா, இத மூணாவதுல சேத்து வெட்டிடு!"

"நாடகம் போடுறாரு. நட," என்று அக்காவின் காதில் சொன்னேன்.

கிளம்பிப் போவதுபோல் போவதுதான் எங்கள் கடைசி அஸ்திரம். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் போச்சு. நடந்தோம். பின்னால் எதையோ தரையில் தரதரவென்று இழுத்தார்கள்.

"இன்னும் கூப்பிடலயேடா."

"கூப்பிடுவாரு. மெதுவா நட."

வெட்டும் மெஷின் உறுமியது. அப்புறம் கம்பி அறுபடும் கூச்சல் பல்லுக்குள் இறங்கியது. எல்லோரும் பொய் சொல்கிற இடத்தில் ஒருத்தன் நிஜமாகவே நம்பிவிட்டால் என்ன செய்வதென்று அப்பா சொல்லித் தந்ததில்லை.  அப்படியும் என் கழுத்து திரும்பவில்லை. அவ்வளவு நல்ல வளர்ப்பு.

அக்கா செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

"நிறுத்துங்கண்ணே! அது எனக்கு வேணும்! ஐயோ, நிறுத்துங்க!"

நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின் நின்றிருந்தது. மேல்கம்பி இரண்டு துண்டாகியிருந்தது. அதற்குள்ளே, டேங்கின் தோள்பட்டையில், ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. பிளேடு பட்டிருந்தது. எவ்வளவு ஆழம் என்று நகத்தால் தடவிப் பார்த்தும் தெரியவில்லை.

தொப்பிக்காரர் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "கோழிகூட குடிக்காதுன்னு சொன்னீங்களேம்மா?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீட்ல ஆசைப்பட்டா அப்படித்தாண்ணே பேசுவோம்."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்டுகிறவர், டேங்குகளைக் கழுவும் ஹோஸை இழுத்து வந்து மூடிக்குள் விட்டார். "ஒழுகுதான்னு ஊத்திப் பாத்துடலாம்க்கா," என்றார்.

விலை பேச யாருக்கும் தோன்றவில்லை. நான் டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உட்கார் என்று அக்கா அதட்டினாள், உட்கார்ந்தேன், எழுந்தேன். புழுதி படிந்த வெள்ளைச் சுவருக்கு உள்ளே தண்ணீரின் நிழல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அறுந்த கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே கட்டைவிரலை வைத்திருந்தாள். விரலுக்கும் நிழலுக்கும் இன்னும் ஒரு சாண் இருந்தது.